கண் கடக்கும் நேரம்

முள் இறங்குவதை நிறுத்திவிட்டது. தொள்ளாயிரத்து அறுபத்தெட்டு. தயாளன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அறுபத்தெட்டுதான். விடிந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்துவந்து, கடைசி ஒரு மணி நேரத்தில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல் விறுவிறுவென்று இறங்கிய முள், இப்போது நின்ற இடத்தில் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. புதுச்சேரியில் ஒரு பழைய சாமான் கடையில் காற்றழுத்தம் காட்டும் அந்த பாரமானியை வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இவ்வளவு தாழ்வாக அது ஒருநாளும் காட்டியதில்லை. வெளியே காற்று இல்லை. நான்கு மணி நேரம் வீட்டை வடக்கிலிருந்து பிடித்து உலுக்கிய காற்று முதலில் விட்டுவிட்டு அடித்து, பிறகு பெருமூச்சு போல ஓரிரு முறை வந்து, அப்புறம் இல்லாமலே போயிருந்தது. தளத்து விளிம்பிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு மாடு கத்தியது. சன்னல் இடுக்கு வழியாக மஞ்சளும் வெள்ளையும் கலந்த வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது, வெயிலா இது, வெயிலேதான். புயலின் கண்ணுக்குள் இருக்கிறோம் என்று நினைத்தார். முப்பது வருஷமாகப் புயல்களின் படங்களில் அந்தக் கறுத்த பொட்டைப் பார்த்திருக்கிறார், மற்றவர்களுக்கு விளக்கியிருக்கிறார், ஆனால் அது அவர் தலைக்கு மேல் வந்ததே இல்லை, தானே புயல்கூட வடக்கே ஒதுங்கித்தான் கரை ஏறியது. இப்போது வந்திருக்கிறது. நோட்டில் மணி பதினொன்று நாலு என்று எழுதி அழுத்தத்தைக் குறித்தார். எட்டு சரியாக விழவில்லை, மேலேயே இன்னொரு முறை எழுதினார். வெப்பம், ஈரப்பதம், காற்றில்லை. பதினொன்று ஒன்பதுக்கு மறுபடி பார்த்தார். அறுபத்தெட்டு. அதை எழுதி, பேனாவை மூடி வைத்து, நாற்காலியில் சாய்ந்தபோதுதான் மனைவி குமுதவல்லி சொன்னது அவருக்குக் கேட்டது. அவள் சொல்லி ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. நின்னு போச்சு, நான் ஒரு எட்டு போய் அக்காவைக் கூட்டியாந்துடறேன், அந்த ஷீட்டு எத்தனை நேரம் தாங்குமோ. அதற்கு யாரோ ம் என்றார்கள். அவர்தான்.

கூட்டியாந்துடறேன். போய்விட்டாளா? குமுதா என்று கூப்பிட்டார். சமையலறையிலிருந்து பதில் இல்லை, அங்கே சிமெண்டு ஷீட்டுக்கூரையில் நீர் சொட்டும் சத்தம்தான் வந்தது. குமுதா. வாசல் கதவு ஒருக்களித்து இருந்தது. எழுந்திருக்கப் போய், இடது கால் முழங்கால் வரை மாவுக்கட்டு என்பது நினைவுக்கு வந்து, நடைச்சட்டத்தை இழுத்து நிமிர்ந்து நின்றார். ஒரு வாரத்துக்கு முன்னால் இந்தப் புயலுக்காகவே, இதன் வேகத்தை அளப்பதற்காகவே, மொட்டை மாடியில் காற்றுக் கிண்ணங்களைக் கட்டப்போய் ஏணியிலிருந்து விழுந்தார். கிண்ணங்கள் காலையில் ஏழு மணிக்கே பறந்துவிட்டன. நடைச்சட்டத்தை ஒரு முறை முன்னே வைத்து, ஒரு முறை கால், ஒரு முறை முன்னே, ஒரு முறை கால் என்று கூடத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது. இரண்டு நிமிஷம் என்று வைத்துக்கொண்டாலும் இரண்டு நிமிஷம் போயிற்று. வாசலில் மூன்று படி. மூன்றாவது படி வரை தண்ணீர். தெரு முழுக்கப் பூவரசும் வேம்பும் தலை தெற்கே பார்க்க விழுந்து கிடந்தன, எல்லாம் ஒரே பக்கமாக, யாரோ படுக்க வைத்ததுபோல. மின்கம்பம் ஒன்று வளைந்து ஒரு வீட்டு வாசலை எட்டிப் பார்த்தது. தெருமுனை வரை அவள் இல்லை. குமுதா என்று கத்தினார். குரல் நன்றாகத்தான் போயிற்று, காற்று இல்லாததால் அவ்வளவு தெளிவாகப் போயிற்று. ஆனால் அவள் ஐஸ் கம்பெனி சந்துக்குள் திரும்பியிருப்பாள். சாதாரண நாளில் பத்து நிமிஷ நடை. மரங்களைத் தாண்டிப் போனால் பதினைந்து. போய்ச் சேர்வது பதினொன்று இருபது. அக்காவைக் கிளப்ப வேண்டும். அது லேசில் கிளம்புகிற அக்காவா?

நேற்று மாலை கடைசியாக ராடார் படம் கிடைத்தபோது கண்ணின் அகலம் பதினாறு கிலோமீட்டர், நகரும் வேகம் மணிக்குப் பதினைந்து. நடுவில் மாட்டிக்கொண்ட ஊருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். இந்த முதுநகர் நடுவில் இல்லை, வடக்கு ஓரத்தில். ஓரத்தில் இருந்தால் இருபத்தைந்து நிமிஷம், மிஞ்சினால் முப்பது. பதினொன்று இரண்டுக்கு நின்றது. இரண்டோடு இருபத்தைந்து. இருபத்தேழு. அதன் பிறகு மறுபாதி வரும். இதுவரை வடக்கிலிருந்து அடித்தது இனித் தென்கிழக்கிலிருந்து அடிக்கும், கடலிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏறாமல் முழு வேகத்தோடு எடுத்த எடுப்பில் வரும். தெற்கே சாய்ந்து வேர் தளர்ந்து நிற்கிறவற்றையெல்லாம் எதிர்ப்பக்கம் பிடித்துத் தள்ளும். குமுதாவின் அக்கா பூங்காவனத்தின் வீடு துறைமுகத்துக்குப் பின்னால், உப்பங்கழியிலிருந்து நூறு அடி. அக்கா கணவனை இழந்தவள், கருவாட்டு வியாபாரம், தலைக்கு மேல் சிமெண்டு ஷீட்டு. நேற்றே வரச் சொல்லிக் குமுதா ஆள் அனுப்பினாள். அக்கா சொல்லி அனுப்பிய பதிலைத் தெருவே கேட்டுச் சிரித்தது: உன் வீட்டுக்காரரு போன வருஷம் சொன்ன புயல்லதான் என் கருவாடு நல்லாக் காஞ்சுது, இந்தப் புயலுக்கு மிளகாய் காயப் போடலாம்னு இருக்கேன்னு சொல்லு. போன வருஷம் அவர் பேச்சைக் கேட்டு ஆட்டோ பிடித்து இருபது மூட்டையையும் கல்யாண மண்டபத்துக்கு ஏற்றியவள் அவள்தான். புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது. மூன்று நாள் பளிச்சென்று வெயில் அடித்தது. மண்டபத்தில் அடுத்து நடந்த வளைகாப்பில் கருவாட்டு வாடை என்று அவளிடம் சண்டைக்கு வந்தார்கள்.

"என்ன புயலாரே, அவ்வளவுதானா?" எதிர்வீட்டுச் சாமிக்கண்ணு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தெருவில் எல்லாருக்கும் பட்டப்பெயர் வைத்தவர். "நீர் சொன்ன வேகத்துக்கு என் வீடே பறக்கும்னு பொண்டாட்டி தாலியக் கழட்டி டப்பாவுல வச்சிட்டாய்யா."

"உள்ள போங்க. முடியலை. இது நடு. பாதிதான் ஆயிருக்கு."

"வெயில் அடிக்குது ஓய்."

"அண்ணே, கேளுங்க. இன்னும் கால் மணியில திரும்ப அடிக்கும். இந்தப் பக்கத்திலேருந்து." தயாளன் கடல் இருக்கும் திசையில் கையைக் காட்டினார். கை தூக்கியதில் நடைச்சட்டம் ஆடியது. "குமுதா அவ அக்கா வீட்டுக்குப் போயிருக்கா. நீங்க கொஞ்சம் போய்..."

"பார்த்தேனே. கையில ஒரு பையோட விறுவிறுன்னு போச்சு. எங்கம்மா போறேன்னு கேட்டேன். அவருகிட்ட சொல்லிட்டுத்தான் போறேன்னுச்சு." சாமிக்கண்ணு சிரித்தார். பிறகு தயாளனின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. தெருமுனையைப் பார்த்தார், தன் முழங்காலைப் பார்த்தார், அது அறுவைச் சிகிச்சை செய்த முழங்கால், போன சித்திரையில் தெருவே போய்ப் பார்த்துவிட்டு வந்த முழங்கால். "நான் போய்ச் சேர்றதுக்குள்ள அது வந்துடும் தயாளா," என்றார். பட்டப்பெயரை விட்டுப் பெயர் சொல்லி அவர் கூப்பிட்டது பயமாக இருந்தது. அவர் வீட்டுக்குள் போய்த் தாழ் போடும் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது.

அவருகிட்ட சொல்லிட்டுத்தான் போறேன். சொல்லிவிட்டுத்தான் போனாள். பக்கத்தில் நின்று, தோளுக்கு மேல், இதோ இந்த இடத்தில். நேற்று இரவு அவர் போனில் தன் வானிலைக் குழுவில் எழுதினார், நாலாயிரம் பேர் இருக்கும் குழு, கண் கடக்கும்போது காற்று நிற்கும், ஏமாந்துவிடாதீர்கள், முதுநகரில் இருபத்தைந்து நிமிடத்தில் எதிர்த்திசையிலிருந்து மீண்டும் அடிக்கும், யாரும் வெளியே வராதீர்கள், உயிர்ச்சேதம் நடப்பதே அந்த நேரத்தில்தான். தடித்த எழுத்தில் போட்டார். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருவர் நன்றி சொன்னார். துபாயிலிருந்து ஒருவர் தன் அம்மாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டியதாக எழுதினார். அப்போது குமுதா எங்கே இருந்தாள்? அடுத்த அறையில் வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இருபத்தேழு வருஷமாக மழை, காற்று, அழுத்தம் என்று கேட்டுக் கேட்டு அவள் காது மரத்திருக்கும், சோறு போடும்போது அவர் சொல்வதற்கு அவளும் ம் என்பாள். அவள் சொல்வதற்கு அவர். வீடு அப்படித்தான் நடந்தது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட முடியுமா? தானே புயல் அடித்த விடியற்காலை, மகளை மெத்தைக்கு அடியில் படுக்க வைத்து அதன்மேல் தான் படுத்துக் கிடந்தாள் குமுதா. அவர் மாடிப்படிக்குக் கீழே டார்ச்சோடு நின்று முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் ராத்திரி முழுக்க எங்க இருந்தீங்க என்று கேட்டாள். எழுபத்தொன்பது வரைக்கும் இறங்கிச்சு என்று பதில் சொன்னார். அது பதில் இல்லை என்று அப்போதே தெரிந்ததா, இப்போதுதான் தெரிகிறதா?

வாசற்படியில் உட்கார்ந்துவிடலாம் போலிருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கைக்கடிகாரத்தில் பதினொன்று பத்தொன்பது. எழுபத்தேழாம் வருஷத்துப் புயலின்போது அவருக்கு ஒன்பது வயது, வேதாரண்யத்தில் அப்பா உப்பளத்தில் மேஸ்திரி. பள்ளிக்கூடத்தில் இருநூறு பேரை அடைத்து வைத்திருந்தார்கள். ஈரத்துணி நாற்றம், குழந்தைகள் வாந்தி எடுத்த நாற்றம், ஒரு அரிக்கேன் விளக்கு. சுவரில் காது வைத்தபோது சுவர் மூச்சு விட்டது. எப்பப்பா நிக்கும் என்று கேட்டபோதெல்லாம் அப்பா இன்னும் அஞ்சு நிமிஷம் என்றார். இரவு முழுக்க அஞ்சு நிமிஷம். விடிந்து வெளியே வந்தபோது உப்பளம் இருந்த இடத்தில் கடல் இருந்தது. அப்பாவின் மேல் அவருக்கு வந்த கோபம் எதற்கென்று யாருக்கும் புரியவில்லை. பொய் சொன்னார் என்பதல்ல. தெரியாது என்று சொல்லாமல் விட்டார் என்பதுதான். அதற்கப்புறம் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வக உதவியாளராகச் சேர்ந்து, அலமாரியில் தூசி படிந்து கிடந்த கருவிகளைத் துடைத்துப் பழகி, எத்தனை மணிக்கு, எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையிலிருந்து என்று எழுதத் தொடங்கினார். எழுதிவிட்டால் பயம் ஒரு எண்ணுக்குள் அடங்கி உட்கார்ந்துவிடும். எத்தனை நோட்டு. இருபத்தைந்து நிமிஷக் கணக்கில் இரண்டு நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். அஞ்சு நிமிஷம். அதைச் சொல்ல இப்போது ஒரு பிள்ளைகூடப் பக்கத்தில் இல்லை.

வளைந்த கம்பத்தின் கம்பியில் ஏழெட்டுப் பறவைகள் உட்கார்ந்திருந்தன. காக்கை இல்லை. வெள்ளை, பிளவுபட்ட வால், கறுத்த தலை. ஆலா. நடுக்கடலில் திரிகிறவை. புயல் உருவாகும்போது கண்ணுக்குள் சிக்கிக்கொண்டு, சுற்றிலும் மதில் மாதிரி நிற்கும் காற்றைத் தாண்டி வெளியேற முடியாமல், அது போகிற இடத்துக்கெல்லாம் நடுவிலேயே பறந்து பறந்து வந்தவை. படித்திருக்கிறார். பார்ப்பது இதுதான் முதல் தடவை. போட்டோ எடுக்க வேண்டும் என்று கை சட்டைப்பைக்குப் போயிற்று. போய்விட்டது, அந்தக் கை. அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார். இந்த நிமிஷத்தில்கூடவா. அவள் ஷீட்டுக்கூரைக்குக் கீழே நின்று அக்காவிடம் கெஞ்சிக்கொண்டிருப்பாள், வாக்கா, நேரமில்லைக்கா. இல்லை, நேரமில்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நின்றுவிட்டது என்றுதானே போனாள். ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போலாம்டி என்று அக்கா சொன்னால் சரி என்று உட்கார்வாள். அடுப்பு பற்றாது. பற்ற வைப்பார்கள். மூட்டைகளைப் பார்ப்பார்கள், நனைந்ததை இந்தப் பக்கம் நனையாததை அந்தப் பக்கம் என்று பிரிப்பார்கள். வெயிலைப் பார்த்து நனைந்ததை வெளியில் விரித்தாலும் விரிப்பார்கள். கிளம்பு குமுதா. போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட இல்லை, ஒன்பது மணிக்கே செத்தது. இருந்தும் அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார்.

பதினொன்று இருபத்தைந்து. ஆலாக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கம்பியை விட்டு எழுந்தன. எழுந்து மேற்கே போயின. அவர் கிழக்கே பார்த்தார். துறைமுகத்துக்கு மேலே வானம் ஒரு சுவராக நின்றது. அடியில் கறுப்பு, நடுவில் பச்சை கலந்த சாம்பல், மேலே வெயில் பட்டு வெள்ளை. சத்தம் முதலில் வந்தது, தொலைவில் கூட்ஸ் வண்டி பாலத்தைக் கடப்பதுபோல. உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கிழக்கே பார்த்த வாசல். காற்று வரும் பக்கத்துக் கதவைத் தாழ் போடு, எதிர்ப்பக்கம் ஒரு சன்னலைத் திறந்து வை, காற்று உள்ளே புகுந்தால் கூரை மேலே போகும் என்று அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். இந்தக் கதவு திறந்துகொண்டால் முதலில் சமையலறை ஷீட்டு போகும், அப்புறம் உள்கதவுகள், அப்புறம் என்னவெல்லாமோ. தாழ்ப்பாளில் கை வைத்தார். இதைப் போட்டுவிட்டால் அவள் வந்து தட்டும்போது கேட்குமா? கேட்காது. அந்த இரைச்சலில் அடுத்த அறையில் கத்தினாலே கேட்காது. போடாவிட்டால் கதவு நிற்காது. கை தாழ்ப்பாளில் இருக்கும்போதே முதல் அடி விழுந்தது. கதவு அவரை ஒரு முழம் பின்னால் தள்ளியது. நடைச்சட்டம் எங்கோ போய் விழுந்தது. சுவரைப் பிடித்துத் தவழ்ந்து திரும்பி, முதுகைக் கதவில் கொடுத்து, நல்ல காலைத் தரைக்கல் இடுக்கில் ஊன்றி, கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கதவு சேர்ந்தது. தாழ் போடவில்லை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்து மாவுக்கட்டை நனைத்தது.

காற்று தள்ளியது, விட்டது, தள்ளியது. ஒவ்வொரு தள்ளலும் அவள்தானோ என்றிருந்தது. விலகித் திறந்து அது காற்றாக இருந்தால் மறுபடி சாத்தத் தெம்பு இல்லை. விலகாமல் இருந்து அது அவளாக இருந்தால். முதுகால் கேட்க முயன்றார். காற்று பலகை முழுவதையும் ஒரே சமமாகத் தள்ளுகிறது, தோளிலும் இடுப்பிலும் ஒரே அழுத்தம். கை என்றால் ஓரிடத்தில் தள்ளும். எந்த இடத்தில்? கைப்பிடிக்குக் கீழே, அவர் தலைக்குச் சற்று வலது பக்கம். அந்த இடத்தில் பின்னந்தலையை ஒட்டி வைத்துக்கொண்டார். காற்று. காற்று. எங்கோ ஷீட்டு கிழிந்து பறக்கும் சத்தம், இங்கேயா, அங்கேயா? காற்று. கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஓர் எண் கிடைக்கும், அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? காற்று. இது இல்லை. காற்று. கொஞ்சம் இளைத்த ஒரு நொடியில், தள்ளாத நேரத்தில், தலையில் இடித்தது. ஓரிடத்தில். மறுபடி, அவசரமாக, இரண்டு மூன்று முறை. அவர் உருண்டு விலகினார்.

கதவோடு சேர்ந்து இரண்டு பெண்களும் உள்ளே விழுந்தார்கள். கூடவே தண்ணீரும் வேப்பிலையும். சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. மூன்று பேரும் தோள் கொடுத்துக் கதவைத் தள்ள, குமுதவல்லி தாழைப் போட்டாள். மேல் தாழ், கீழ்த் தாழ், அம்மிக்கல்லை நகர்த்தி முட்டுக்கொடுத்தாள். அக்காவின் நெற்றியில் ரத்தம் மழைத்தண்ணீரோடு வழிந்தது. "என்னாடி இது, போனது திரும்பி வருது, அதுவும் அந்தப் பக்கத்திலேருந்து! நாம சந்து திரும்புறோம், நம்ம ஷீட்டு நமக்கு முன்னால பறந்து போவுது!"

"அதான் வா வான்னு அடிச்சுக்கிட்டேன். மூட்டை மூட்டைன்னு நின்னே." குமுதவல்லி முந்தானையைப் பிழிந்தாள். "அவரு கணக்குப் போட்டுத்தான் அனுப்பினாரு. இருபத்தஞ்சு நிமிஷம் இருக்கு, ஓடிப் போய் கூட்டியான்னாரு."

அக்கா தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். அருகே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லிட்டிருந்தது, கருவாட்டு வாடை அடித்தது. "தம்பி, என்னென்னவோ கேலி பேசியிருக்கேன். மனசுல வச்சுக்காதீங்க." அழுதாள். தயாளன் வாயைத் திறந்தார். குமுதவல்லி அக்காவைத் தூக்கி நடு அறைக்குக் கூட்டிப்போய் நெற்றியில் துணி கட்டிப் படுக்க வைத்தாள். திரும்பி வந்தபோது கையில் பழைய துண்டு இருந்தது. அவர் காலடியில் உட்கார்ந்து ஊறிப்போன மாவுக்கட்டை ஒற்றத் தொடங்கினாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "இருபத்தஞ்சுன்னு."

"நேத்து போட்டிருந்தீங்களே. தடியா." துண்டைப் பிழிந்து மறுபடி ஒற்றினாள். "நான் எப்பவும் படிப்பேன்." பேசியது அக்காவுக்குக் கேட்டிருக்காது. காற்றின் இரைச்சலுக்கு அடியில், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "தெரிஞ்சுதான் போனேன். அக்காவை விட்டுட முடியுமா? உங்ககிட்ட சொல்லிட்டு வாசல்ல ஒரு நிமிஷம் நின்னேன்."

அவர் வாசல் கதவைப் பார்த்தார்.

"போகாதேன்னு சொல்லுவீங்கன்னு பார்த்தேன். சொன்னாலும் போயிருப்பேன். ஆனா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

கதவு அம்மிக்கல்லில் முட்டி முட்டித் திரும்பியது. அவள் துண்டை மடித்து அவர் காலுக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் அடிக்கும்?"

"மூணு மணி நேரம்."

"சரி," என்று சொல்லிவிட்டு, அக்கா படுத்திருந்த அறைக்குள் போய்ச் சுவரைப் பார்க்க உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை. அவர் இருந்த இடத்திலிருந்து அவள் முதுகு தெரிந்தது.